சுழல்களின் படிகமும் திரவமும்: இரண்டாம் வகை மீக்கடத்திகளில் நிலைமாற்றங்கள்

ஒய்பிசிஓ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இட்ரியம்–பேரியம்–தாமிர ஆக்சைடு 1987இல் கைக்கு வந்ததும், ஆய்வகங்கள் முதலில் அளந்தது அதன் மின்தடையைத்தான். காந்தப்புலம் இல்லாதபோது 92 கெல்வினுக்கு அருகில் மின்தடை செங்குத்தாக விழுந்தது. புலத்தைச் செலுத்தியபோது நடந்ததை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. பழைய உலோக மீக்கடத்திகளில் புலம் ஏற ஏற அந்தச் செங்குத்து வீழ்ச்சி வடிவம் மாறாமல் குறைந்த வெப்பநிலைக்கு நகரும். புதிய ஆக்சைடுகளிலோ வீழ்ச்சி தொடங்கும் இடம் ஏறக்குறைய அசையாமல் நின்றது; மின்தடை முற்றிலும் மறையும் இடம் மட்டும் கீழே கீழே போயிற்று. சில டெஸ்லா புலத்தில் இந்த இடைவெளி பல கெல்வின் அகலத்துக்கு விரிந்தது. பிஸ்மத் கலந்த தாமிர ஆக்சைடுகளில் அது இன்னும் அகலம்.

அந்த இடைவெளிக்குள் இருக்கும் பொருளை என்னவென்று சொல்வது? எலெக்ட்ரான்கள் இணைசேர்ந்துவிட்டன, ஆனால் மின்தடை இருக்கிறது. மீக்கடத்தல் உண்மையில் எந்தக் கோட்டில் தொடங்குகிறது? இந்தக் கேள்விக்கு விடை சொல்பவை பொருளுக்குள் நுழைந்த காந்தச் சுழல்கள். அவை படிகமாகவும் திரவமாகவும் கண்ணாடியாகவும் இருக்கக்கூடிய தனியொரு பருப்பொருள் என்ற எண்ணம் 1980களின் இறுதியில் வேரூன்றியது. அதன் பிறகு நடந்த ஆய்வுகளைத் தொடர்ந்து படிக்கும்போது ஒரே சிக்கல் மறுபடி மறுபடி தலைகாட்டுவதைப் பார்க்கிறேன்: நாம் அளப்பது வெப்ப இயக்கவியல் சார்ந்த உண்மையான நிலையையா, அல்லது சுழல்கள் வந்த வழியின் வரலாறு உறைந்து நிற்பதையா? இந்தத் துறையின் முன்னேற்றம் முழுவதையும் இந்த இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்ட கதையாகவே நான் வாசிக்கிறேன்.

சுழலும் அதன் அணிக்கோவையும்

1930களில் கார்கிவ் நகரில் லெவ் ஷுப்னிகோவும் அவருடைய குழுவினரும் ஈயம்–தாலியம் உலோகக்கலவையின் ஒற்றைப் படிகங்களைக் குளிரூட்டி ஆராய்ந்தார்கள். காந்தப்புலம் இரண்டு படிகளில் அவற்றை வெல்வதைக் கண்டார்கள். முதல் மாறுநிலைப் புலம் வரை படிகம் புலத்தை முழுவதும் வெளியே தள்ளியது. அதைத் தாண்டியதும் புலம் உள்ளே நுழையத் தொடங்கியது. ஆனால் மீக்கடத்தல் அழியவில்லை. அதைவிட மிக உயர்ந்த இரண்டாவது புலத்தில்தான் அது மறைந்தது. 1937இல், ஸ்டாலினிய ஒடுக்குமுறையின் உச்சத்தில், ஷுப்னிகோவ் கைதாகிச் சுட்டுக் கொல்லப்பட்டார். கலவைகளில் காணப்படும் இத்தகைய போக்கு படிகத்தின் அசுத்தத்தால் வருவது என்ற கருத்து நெடுங்காலம் நீடித்ததால், அவர் கண்டறிந்ததன் எடை இருபது ஆண்டுகளுக்கு உணரப்படாமலே கிடந்தது. இன்று இரு புலங்களுக்கும் இடைப்பட்ட அந்த நிலை ஷுப்னிகோவ் நிலை என்றும் வழங்குகிறது.

அதற்கு விளக்கம் தந்தவர் அலெக்சி அப்ரிகோசோவ். 1950இல் கின்ஸ்பர்க்கும் லாண்டாவும் எழுதிய சமன்பாடுகளில் கேப்பா என்றொரு எண் வருகிறது. காந்தப்புலம் மீக்கடத்திக்குள் ஊடுருவும் ஆழத்தை, எலெக்ட்ரான் இணைகளின் ஒழுங்கு குலைந்து மீளும் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது அது. கேப்பா 0.71க்கு மேல் இருந்தால் அந்தப் பொருள் இரண்டாம் வகை. அத்தகைய பொருளில் புலம் மெல்லிய இழைகளாக உள்ளே நுழைந்து ஒழுங்கான அணிக்கோவையாக அமையும் என்று அப்ரிகோசோவ் கணக்கிட்டார். 1953லேயே இதை அடைந்தும், லாண்டாவ் ஏற்காததால் ஒத்திப்போட்டு 1957இல்தான் வெளியிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் முதலில் தேர்ந்தது சதுர அணிக்கோவை. முக்கோண அணிக்கோவையின் ஆற்றல் அதைவிடச் சற்றே குறைவு என்பதை 1964இல் கிளைனர், ராத், ஆட்லர் மூவரும் காட்டினார்கள். வேறுபாடு இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய வேறுபாடு என்பதால்தான் பின்னாளில் போரோகார்பைடு படிகங்களில் புலத்தை ஏற்றும்போது முக்கோணம் சதுரமாக மாறுவதைக் காண முடிந்தது. படிகத்தின் எலெக்ட்ரான் அமைப்பு சிறிது சாய்த்தாலே போதும்.

சுழல் எனப்படும் இந்த இழை ஒவ்வொன்றும் சுமக்கும் காந்தப் பாயம் மாறாத அளவு: 2.07 × 10⁻¹⁵ வெபர். ஒரு டெஸ்லா புலத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் ஏறத்தாழ 48 கோடி சுழல்கள் இருக்கும். பக்கத்துப் பக்கத்துச் சுழல்களுக்கு இடையே 49 நானோமீட்டர். புலத்தை ஒரு காஸாகக் குறைத்தால் அந்த இடைவெளி 5 மைக்ரோமீட்டரை நெருங்கும். திருகு ஒன்றைத் திருப்பி அடர்த்தியைப் பல்லாயிரம் மடங்கு மாற்றிக்கொள்ளக்கூடிய இன்னொரு படிகம் இயற்கையில் எளிதில் கிடைக்காது. நிலைமாற்றங்களை ஆராய்பவர்கள் இந்தப் பொருளை விட்டு அகலாததற்கு முதற்காரணம் இதுதான்.

1964இல் பிரான்சின் சக்ளே ஆய்வகத்தில் நியோபியத்தின் மீது நியூட்ரான்களைச் செலுத்தி இந்த அணிக்கோவையின் சுவட்டைக் கண்டார்கள். 1967இல் ஸ்டுட்கார்ட்டில் எஸ்மனும் டிரோய்பிளேயும் நுண்ணிய இரும்புத் துகள்களைக் குளிர்ந்த ஈயம்–இண்டியம் பரப்பில் படியவிட்டு, சுழல்களின் முனைகளை மின்னணு நுண்ணோக்கியில் படமாகவே எடுத்தார்கள். 1989இல் பெல் ஆய்வகத்தில் ஹெஸ்ஸும் துணைவர்களும் எஸ்.டி.எம். எனப்படும் ஊடுபுழை நுண்ணோக்கியால் நியோபியம் டைசெலினைடின் சுழல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். படிகம் இருக்கிறது என்பதில் அதன்பின் யாருக்கும் ஐயமில்லை.

உருகுமா?

படிகம் என்றால் அது உருகவும் வேண்டும். பழைய உலோக மீக்கடத்திகளில் இந்தக் கேள்வி எழாததற்குக் காரணம் உண்டு. வெப்ப அலைவுகளின் வலிமையைக் குறிக்கும் கின்ஸ்பர்க் எண் அவற்றில் 10⁻⁸ அளவில்தான் இருக்கும். சுழல் படிகம் உருகும் கோடு ஒன்று இருந்தாலும் அது, ஷுப்னிகோவ் கண்ட இரண்டாவது புலமான மேல் மாறுநிலைப் புலத்தோடு ஒட்டிக்கொண்டு பிரித்தறிய முடியாமல் போய்விடும். தாமிர ஆக்சைடுகளில் அந்த எண் 10⁻² வரை உயர்கிறது. அங்கே வெப்பநிலை அதிகம். ஊடுருவல் ஆழம் பெரிது. சுழலின் உட்கரு ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, தாமிர–ஆக்சிஜன் அடுக்குகளுக்கு இடையிலான பிணைப்பு மெலிந்தது. பிஸ்மத் சேர்மத்தில் அது எவ்வளவு மெலிந்தது என்றால், ஒரு சுழலை நீண்ட இழை என்று சொல்வதைவிட, 1.5 நானோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் வட்டத் தட்டுகளின் தளர்ந்த அடுக்கு என்று சொல்வதே பொருத்தம்.

அணுக்களின் அலைவு, அணுக்களுக்கு இடையிலான தூரத்தில் பத்தில் ஒரு பங்கை நெருங்கும்போது படிகம் உருகும் என்பது லிண்டமன் 1910இல் முன்வைத்த எளிய விதி. 1989இல் ஹூட்டன், பெல்கோவிட்ஸ், சூட்போ மூவரும் சுழல் அணிக்கோவையின் மீட்சிக் குணகங்களை வைத்து இதே விதியைப் பயன்படுத்தி, மேல் மாறுநிலைப் புலத்துக்கு வெகு கீழே ஓர் உருகு கோட்டை வரைந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஹார்வர்டின் டேவிட் நெல்சன் அழகான ஓர் ஒப்புமையைக் கண்டுபிடித்திருந்தார். முப்பரிமாணத்தில் வளைந்து நெளியும் சுழல் இழைகளைக் கணிதப்படி இருபரிமாணத்தில் இயங்கும் போசான் துகள்களின் பாதைகளாக எழுதிவிடலாம். படிகத்தின் தடிமன் அங்கே காலமாகிறது. வெப்பநிலை பிளாங்க் மாறிலியின் வேலையைச் செய்கிறது. இழைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த திரவம், போசான்களின் மீப்பாய்மத்துக்கு நிகர். எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறைக்குப் புதுக் கண் கொடுத்த ஒற்றைக் கட்டுரை அதுவே.

ஆனால் ஆய்வகம் இதற்கு உடனே இசையவில்லை. 1988இல் பெல் ஆய்வகத்தின் கேமலும் துணைவர்களும் படிகத்தை அதிரும் கருவி ஒன்றில் ஏற்றி, அதிர்வு தணியும் விதத்திலிருந்து உருகுதலைக் கண்டதாக அறிவித்தார்கள். குறைபாடுகளில் மாட்டிக்கொண்ட சுழல்கள் வெப்பத்தால் விடுபட்டாலே அதே குறி கிடைக்குமே என்ற மறுப்பு எழுந்தது. மறுப்பு நியாயமானது. அந்தச் சோதனை அசைவை அளந்ததே தவிர, நிலையை அளக்கவில்லை. மான்செஸ்டரின் மைக் மூர் இன்னும் கடுமையான நிலைப்பாடு எடுத்தார்: வெப்ப அலைவுகள் நெடுந்தூர ஒழுங்கை எந்த வெப்பநிலையிலும் விட்டுவைக்காது, ஆகவே உருகுதல் என்ற நிலைமாற்றமே கிடையாது.

1992இல் இரட்டைப்பரப்புகள் என்ற படிகக் குறைகள் நீக்கப்பட்ட தூய ஒய்பிசிஓ படிகங்கள் வந்தன. கணுக்களும் கறைகளும் இல்லாத அந்தப் படிகங்களில், புலத்தின் நடுவே மின்தடை மெல்லச் சரிவதை விட்டு ஒரு புள்ளியில் சட்டென்று செங்குத்தாக விழுந்தது. சூடாக்கும்போதும் குளிரூட்டும்போதும் அந்த வீழ்ச்சி சற்றே வேறு வேறு இடங்களில் நிகழ்ந்து, சிறிய தயக்கக் கண்ணி ஒன்றும் தெரிந்தது. முதல் வரிசை நிலைமாற்றத்தின் கைநாட்டு அது. மறு ஆண்டில் பிஸ்மத் சேர்மத்தில் நியூட்ரான் சிதறல் புள்ளிகள் வெப்பநிலை ஏறும்போது மறைந்துபோவதை கியூபிட் குழு காட்டியது. அப்போதும் வெப்ப இயக்கவியல் சான்று கைக்கு வரவில்லை. மின்தடை இயக்கத்தைப் பற்றியது; நிலைமாற்றத்தை உறுதிசெய்ய அடர்த்தியிலோ என்ட்ரோபியிலோ ஒரு தாவல் வேண்டும்.

அந்தச் சான்று அர்ஜென்டினாவின் பாரிலோச்சேயிலிருந்து 1994இலும், இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிறுவனத்திலிருந்து 1995இலும் வந்தது. இரண்டாவதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அளவீட்டுக் கலைக்கு அது பாடமாகும் சோதனை. தட்டையான படிகம் ஒன்றைப் புலத்தில் வைத்தால் உள்ளே புலம் எங்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. முழுப் படிகத்தின் காந்தமாக்கத்தை அளந்தால், நடுப்பகுதி உருகியும் ஓரம் உருகாமலும் இருக்கும் நேரம் முழுவதும் சேர்ந்து, தாவல் கரைந்துபோகும். எலி ஸெல்டோவும் துணைவர்களும் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அகலமே உள்ள ஹால் உணரிகளின் வரிசை ஒன்றைப் படிகத்தின் அடியில் வைத்தார்கள். ஒவ்வோர் உணரியும் தன் தலைக்குமேல் உள்ள சுழல்களை மட்டுமே எண்ணியது. குறிப்பிட்ட புலத்தில் ஒவ்வொன்றிலும் காஸில் சில பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் புலம் கூர்மையாகத் தாவியது. உருகும்போது அடர்த்தி கூடியது. பனிக்கட்டி நீராகும்போது நடப்பதும் இதுவே. உருகு கோடு வெப்பநிலையோடு கீழ்நோக்கிச் சாய்வதால், கிளாசியஸ்–கிளாப்பெய்ரான் சமன்பாட்டின்படி திரவத்தில்தான் சுழல்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். கணக்கும் கருவியும் ஒத்துப்போயின.

மறு ஆண்டில் ஷில்லிங் குழு ஒய்பிசிஓ படிகத்தில் உள்ளுறை வெப்பத்தையே அளந்தது. ஓர் அடுக்கில் ஒரு சுழலுக்குப் போல்ட்ஸ்மன் மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கியதில் ஏறத்தாழ 0.45 பங்கு. இவ்வளவு சிறிய வெப்பத்தைப் படிகத்தின் அணு அதிர்வுகளுக்கு உரிய பெரும் தன்வெப்பத்திலிருந்து பிரித்தெடுத்தது அரிய சாதனை. அளந்த உள்ளுறை வெப்பமும் காந்தமாக்கத் தாவலும் கிளாசியஸ்–கிளாப்பெய்ரானில் பொருந்தின. அதோடு தூய படிகத்தைப் பற்றிய வாதம் முடிந்தது என்பது என் கணிப்பு.

இதன் விளைவைப் பாடநூல்கள் இன்னும் முழுமையாக உள்வாங்கவில்லை. பாடநூலில் மேல் மாறுநிலைப் புலம்தான் மீக்கடத்தலின் எல்லை. தாமிர ஆக்சைடுகளில் அந்தக் கோடு நிலைமாற்றமே அல்ல. அங்கே எலெக்ட்ரான்கள் மெல்ல மெல்ல இணைசேர்கின்றன, எந்த ஒழுங்கும் திடீரென்று தோன்றுவதில்லை. தூய படிகத்தில் உண்மையான எல்லை உருகு கோடு. அதற்கு மேலே சுழல் திரவம் இருக்கிறது. அதில் மின்தடை உண்டு. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இது.

ஒழுங்கின்மையின் ஆட்சி

தூய படிகம் என்று எழுதுவது எளிது. எந்தப் படிகமும் முற்றிலும் தூயதல்ல. ஆக்சிஜன் விடுபட்ட இடங்கள், அந்நிய அணுக்கள், படிகக் குறைகள் எல்லாம் சுழல்களைத் தம்மிடம் பிணித்துக்கொள்கின்றன. பயன்பாட்டின் கண்ணில் இந்தப் பிணிப்பு வரம். மின்னோட்டம் செலுத்தினால் சுழல்கள்மீது பக்கவாட்டில் விசை விழுகிறது. அவை நகர்ந்தால் ஆற்றல் வீணாகி மின்தடை தோன்றும். எம்.ஆர்.ஐ. கருவியின் நியோபியம்–டைட்டானியம் கம்பிச்சுருள் வேலைசெய்வது, அதில் வேண்டுமென்றே உருவாக்கிய டைட்டானியம் படிவுகள் சுழல்களை அசையவிடாமல் வைத்திருப்பதால்தான். செர்ன் ஆய்வகத்தின் பெரிய மோதுவானில் 1.9 கெல்வினில் 8.3 டெஸ்லா தரும் காந்தங்களும் அப்படியே. மிதக்கும் காந்தத்தின் படத்தைப் போட்டு, மீக்கடத்தி புலத்தை வெளியே தள்ளும் மைஸ்னர் விளைவு என்று எழுதுவது பரவலான வழக்கம். கறுப்பு மீக்கடத்தித் தட்டுக்கு மேலே காந்தம் நழுவாமல் நிற்பதும், காந்தத்தைத் தூக்கினால் தட்டு கூடவே தொங்கியபடி வருவதும் பிணிக்கப்பட்ட சுழல்களின் வேலை. இந்தத் திருத்தத்தைப் பள்ளிப் பாடநூல்கள் செய்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

நிலைமாற்றத்தை ஆராய்பவருக்குப் பிணிப்பு வேறொரு கேள்வியை எழுப்புகிறது. அனடோலி லார்கின் 1970இல் தந்த முடிவு நடுங்கவைப்பது: ஒழுங்கின்மை எவ்வளவு மெலிந்ததாக இருந்தாலும் முப்பரிமாணத்தில் சுழல் அணிக்கோவையின் நெடுந்தூர ஒழுங்கை அது குலைத்துவிடும். அப்படியானால் அப்ரிகோசோவ் படிகம் என்று எதைச் சொல்கிறோம்?

இதற்கு இரண்டு பெரிய விடைகள் வந்தன. 1989இல் மாத்யூ ஃபிஷர் முன்வைத்தது சுழல் கண்ணாடி. சுழல்கள் ஒழுங்கின்றி உறைந்திருக்கும். ஆனால் தடைகள் எல்லையின்றி உயர்வதால், சிறிய மின்னோட்டத்துக்கு மின்தடை உண்மையிலேயே சுழியாகும். அதே ஆண்டில் ஐ.பி.எம். ஆய்வகத்தின் கோக் குழு ஒய்பிசிஓ படலங்களில் மின்னோட்ட–மின்னழுத்த வளைகோடுகள் அனைத்தையும் அளவுமாற்றி இரண்டே கோடுகளாக மடக்கிக் காட்டியது. கொள்கை நிறுவப்பட்டதாகப் பலர் எண்ணினார்கள். இங்கேதான் எச்சரிக்கை தேவைப்பட்டது. 1995இல் பொகிலும் யங்கும் காந்த மறைப்பையும் சேர்த்துக்கொண்ட மாதிரியைக் கணினியில் ஓட்டியபோது கண்ணாடி மாற்றம் சுழிக்கு மேற்பட்ட வெப்பநிலையில் தென்படவே இல்லை. 2001இல் மேரிலாந்தின் ஸ்ட்ராச்சன் குழு, அதே வளைகோடுகளை வேறு வேறு மாறுநிலை வெப்பநிலைகளை எடுத்துக்கொண்டும் மடக்கிவிட முடியும் என்று காட்டி, காந்தப்புலத்தில் மீக்கடத்திக்குச் சுழி மின்தடை உண்டா என்றே கேட்டது. வளைகோடுகள் மடிவது மட்டும் நிலைமாற்றத்துக்குச் சான்றாகாது. சுழல் கண்ணாடி என்ற தனி நிலைக்கான சான்று இன்றும் முழுமையாக இல்லை என்பதே என் முடிவு.

இரண்டாவது விடை பிராக் கண்ணாடி. 1994–95இல் தியெரி ஜியாமார்க்கியும் பியேர் லெ டூசாலும் லார்கினின் கணக்கை அதன் எல்லைக்கு அப்பால் கொண்டுபோனார்கள். அணிக்கோவை ஒவ்வோர் இடைவெளிக்கும் தன்னைத்தானே மறுபடி ஒத்திருப்பதால், சுழல்களின் இடப்பெயர்ச்சி ஓரளவுக்கு மேல் போனால் ஒழுங்கின்மைக்கு அதனால் கூடுதல் ஆதாயம் இல்லை. ஆகவே ஒழுங்கு அடுக்குக்குறி வேகத்தில் சரியாமல், அடுக்குவிதிப்படி மிக மெதுவாகத் தேய்கிறது. அணிவரிசை நடுவில் அறுந்து நிற்கும் குறைகளும் உள்ளே வருவதில்லை. கண்ணாடிக்கு உரிய எண்ணற்ற உறைநிலைகள், நியூட்ரான் சிதறலில் படிகம் காட்டும் கூர்மையான பிராக் புள்ளிகள் இரண்டும் ஒரே பொருளில்! முன்பு யாருக்கும் தோன்றாத நிலை இது. 2001இல் கிளைன் குழு பொட்டாசியம்–பேரியம்–பிஸ்மத் ஆக்சைடில் நியூட்ரான் சிதறலால் இதைச் சோதித்தது. புலம் ஏறும்போது புள்ளிகளின் செறிவு குறைந்தது. அகலமோ மாறவே இல்லை. குறைகள் நுழைந்து ஒழுங்கைச் சிதைத்திருந்தால் அகலம் கூடியிருக்க வேண்டும். ஒழுங்கின்மையைப் பற்றிய இயற்பியலில் கணித ஊகம் ஒன்று இவ்வளவு நேராகக் கருவியில் கைகூடியது அரிது.

இந்தப் படத்தில் உருகுதல் ஒன்றல்ல, இரண்டு. வெப்பம் ஏறினால் பிராக் கண்ணாடி திரவமாகிறது. வெப்பநிலையை மாற்றாமல் புலத்தை ஏற்றினால் குறைகள் வெள்ளமாகப் புகுந்து அது சிதைகிறது. ஒழுங்கின்மையே வெப்பநிலைக்கு நிகரான இன்னோர் அச்சாகிறது. ஃபெண்ட்ரிச் குழு ஒய்பிசிஓ படிகத்தில் எலெக்ட்ரான் கற்றையால் புள்ளிக் குறைகளைச் சேர்த்தபோது, முதல் வரிசை உருகுதலின் கூர்மையான வீழ்ச்சி மறைந்து வழுவழுப்பான சரிவு வந்தது. கன அயனிகளால் நெடுந்துளைத் தடங்களைப் படிகத்தில் பதித்தால் வேறொரு நிலை: சுழல்கள் அந்தத் தடங்களில் அமர்ந்து, நெல்சனும் வினோகூரும் போசான் ஒப்புமையால் விவரித்த போஸ் கண்ணாடியாகின்றன.

உறைந்த வரலாறு

மேல் மாறுநிலைப் புலத்தை நெருங்கும்போது மீக்கடத்தி தாங்கும் மின்னோட்டம் குறைந்துகொண்டே போக வேண்டும். ஆனால் பல தூய படிகங்களில், முடிவுக்குச் சற்று முன்னால், அது திடீரென்று உயர்ந்து பிறகு வீழ்கிறது. 1960களிலிருந்தே தெரிந்த இந்த உச்ச விளைவுக்குப் பிப்பர்டு 1969இல் சொன்ன காரணம் இன்றும் நிற்கிறது: அணிக்கோவையின் விறைப்பு, பிணிப்பைவிட வேகமாகக் குறைகிறது; தளர்ந்த சுழல்கள் ஒவ்வொன்றும் தனக்கு வசதியான குறையில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. தளர்ந்தது இறுக்கிப் பிடிக்கிறது.

இந்தத் தளர்ச்சி நிலைமாற்றமா? மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் குரோவர், ராமகிருஷ்ணன் குழுவினரும், ஷோபோ பட்டாச்சார்யாவும் அவரோடு சேர்ந்தவர்களும் நியோபியம் டைசெலினைடு, சீரியம்–ருத்தேனியம் சேர்மம் போன்றவற்றில் 1990களில் இதைத் துருவினார்கள். கிடைத்தது குழப்பமான செல்வம். புலத்தில் வைத்துக் குளிரூட்டினால் ஒரு விடை, குளிரூட்டியபின் புலம் கொடுத்தால் வேறு விடை. படிகம் தான் வந்த வழியை நினைவில் வைத்திருந்தது. 2000இல் பால்டியேல், ஸெல்டோவ் குழு இந்த நினைவின் ஒரு வாயிலைக் கண்டுபிடித்தது. சுழல்கள் படிகத்தின் ஓரம் வழியாகவே நுழைகின்றன. கரடுமுரடான ஓரம் அவற்றைக் கலைத்தே உள்ளே அனுப்புகிறது. மின்னோட்டம் செலுத்தி அளக்கும்போதெல்லாம் ஒழுங்கற்ற சுழல்கள் ஓரத்திலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. சுழல்கள் வட்டமாகச் சுற்றி ஓரத்தைக் கடக்கவே வேண்டாத வட்டத் தட்டு அமைப்பில் அளந்தபோது விசித்திரங்களில் பெரும்பகுதி மறைந்தது. பல ஆண்டுகள் நிலையின் பண்பாக எண்ணப்பட்டவை ஓரத்தின் பண்பாக மாறின.

வரலாற்றை அழிக்க ஒரு வழி, குலுக்குவது. படியில் அரிசி அளப்பவர் தட்டிக் குலுக்கினால் மணிகள் தமக்குரிய இடத்தில் படிகின்றன அல்லவா, அதுபோல முதன்மைப் புலத்துக்குக் குறுக்கே சிறிய மாறுதிசைப் புலம் ஒன்றைச் செலுத்தினால் மாட்டிக்கொண்ட சுழல்கள் விடுபட்டுத் தம் சமநிலையைத் தேடிக்கொள்கின்றன. 2001இல் அவ்ராகாம், ஸெல்டோவ் குழு பிஸ்மத் சேர்மத்தில் இந்த உத்தியைக் கையாண்டது. அதற்கு முன்பு, தாழ்ந்த வெப்பநிலையில் காந்தமாக்கத்தில் தெரிந்த இரண்டாம் உச்சம் வேறு வகை மாற்றம் என்றும், முதல் வரிசைக் கோடு ஏறக்குறைய 40 கெல்வினில் முடிந்துவிடுகிறது என்றும் கருதப்பட்டது. குலுக்கியதும் தயக்கம் நீங்கி, அடியில் ஒளிந்திருந்த தாவல் வெளிப்பட்டது. கோடு முடியவில்லை, முதல் வரிசையாகவே தொடர்கிறது. அதோடு ஒரு வியப்பும் சேர்ந்து வந்தது. அந்தப் பகுதியில் கோடு வளைந்து, ஒழுங்கான அணிக்கோவை குளிரூட்டும்போது ஒழுங்கற்றதாக மாறுகிறது. ஒழுங்கான நிலைக்கே என்ட்ரோபி அதிகம்! குறைகளில் சிக்கி நெளிந்து கிடக்கும் சுழல்கள் கலைந்திருந்தாலும் அசைவதில்லை. நேராக நிற்கும் அணிக்கோவையிலோ ஒவ்வொன்றும் தன் இடத்தில் தாராளமாக அதிர்கிறது. இதை மறுதலை உருகுதல் என்கிறார்கள். ஹீலியம்-3 ஏறத்தாழ 0.3 கெல்வினுக்குக் கீழே காட்டும் நடத்தைக்கு இது உறவு.

வெப்பத்தாலும் ஒழுங்கின்மையாலும் அணிக்கோவை அழியும் இரண்டு கோடுகளும் ஒரே முதல் வரிசைக் கோட்டின் இரு பகுதிகள் என்று இதனால் தெரிந்தது. இந்த ஒருமை எல்லாப் பொருள்களுக்கும் பொருந்துமா என்பது வேறு. நியோபியத்தில் லிங் குழு 2001இல் மீச்சூடும் மீக்குளிர்ச்சியும் கண்டு உச்ச விளைவில் நிலைமாற்றம் உண்டு என்றது. மறு ஆண்டில் ஃபோர்கன் குழு மிகத் தூய நியோபியத்தில் மேல் மாறுநிலைப் புலம் வரை அணிக்கோவை குலையாமல் இருப்பதைக் கண்டது. என் பார்வையில் இரண்டும் முரண்பட வேண்டியதில்லை. வெப்ப அலைவு மிகக் குறைந்த உலோகத்தில் அணிக்கோவையைக் குலைப்பது ஒழுங்கின்மை. ஒழுங்கின்மையை நீக்கினால் குலைவும் நீங்குகிறது.

இரண்டு பரிமாணத்தில்

மெல்லிய படலத்தில் கொள்கை தெளிவானது. கோஸ்டர்லிட்ஸ், தௌலஸ் தொடங்கி ஹால்பரின், நெல்சன், யங் முடித்துவைத்த கணக்கின்படி இருபரிமாணப் படிகம் இரண்டு படிகளில் உருகும். முதலில் இடஒழுங்கு போகும். அணிவரிசைகளின் திசை ஒழுங்கு மட்டும் எஞ்சும் அறுகோணத் திரவம் பிறக்கும். அடுத்து அதுவும் போய் வெறும் திரவமாகும். 2009இல் கியாமோன், சுதெரோவ் குழு டங்ஸ்டன் சார்ந்த படலத்தில் ஊடுபுழை நுண்ணோக்கியால் இந்த உருகுதலைப் படிப்படியாகப் படமெடுத்தது. டாட்டா நிறுவனத்தின் பிரதாப் ராய்சவுத்ரி குழு 2015இல் கோபால்ட் சேர்த்த நியோபியம் டைசெலினைடு படிகத்தில், இடஒழுங்கும் திசை ஒழுங்கும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதைவதைக் காட்டியது. 2019இல் படிகமற்ற மாலிப்டினம்–ஜெர்மானியப் படலத்தில் அறுகோணத் திரவத்தையே கண்டது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, சுழல்கள் அணிவரிசையின் திசைகளையொட்டி நகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தார்கள். அந்த நகர்வு இல்லையென்றால் உறைந்த ஒழுங்கின்மையைத் திரவம் என்று பெயரிட்டுவிடும் ஆபத்து இருந்தது. ஓர் அசையாப் படம் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது.

எஞ்சியிருக்கும் பெரிய கேள்வி, வெப்பநிலை சுழியை நெருங்கும் இடத்தில் இருக்கிறது. வெப்ப அலைவு ஓய்ந்த பிறகு குவாண்டம் அலைவு மட்டும் சுழல் படிகத்தை உருக்கிவிட முடியுமா? 1996இல் கபிதுல்னிக், பீஸ்லி குழு மாலிப்டினம்–ஜெர்மானியப் படலங்களில், புலத்தில் வைத்துக் குளிரூட்டியபோது மின்தடை சுழியை நோக்கிப் போகாமல் ஒரு மதிப்பில் நின்றுவிடுவதைக் கண்டது. வெப்பநிலையைக் குறைத்தும் அது அசையவில்லை. குவாண்டம் சுழல் திரவம், விசித்திர உலோகம் என்று பல விளக்கங்கள் எழுந்தன. இருபது ஆண்டுகளில் வேறு பல படலங்களிலும் இதே போக்கு பதிவானது. 2019இல் தமிர், ஷஹார், பசுபதி குழுவினர் இண்டியம் ஆக்சைடு, நியோபியம் டைசெலினைடு படலங்களில் அளவீட்டுக் கம்பிகளின் வழியே நுழையும் உயர் அதிர்வெண் இரைச்சலை வடிகட்டினார்கள். நின்றுபோயிருந்த மின்தடை மறுபடி இறங்கத் தொடங்கியது. எல்லாப் படலங்களிலும் இரைச்சல்தான் காரணம் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. வடிகட்டிய குளிர்கலத்தில், ஓரங்களைத் தவிர்த்த அமைப்பில், மின்தடையோடு சுழல்களின் அசைவையும் ஒரே படலத்தில் ஒரே வேளையில் பார்த்து இந்த அளவீடுகளை மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது.